1950 ஆஸ்டின் ஏ40 விற்பனைக்கு: பெயின்ட் அடிக்க நினைப்பவர்கள் தயவுசெய்து வர வேண்டாம்

மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் ஒரு ஆஸ்டின் ஏ40 டெவன் விற்பனைக்கு வந்திருக்கிறது. 1950 மாடல், நாலு கதவு சலூன், ஓடுகிற நிலையில் இருக்கிறது. வண்டி என்னுடையது இல்லை. அப்பாவின் நண்பர், நான் மாமா என்று கூப்பிடுபவர், பேங்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், அவர் வீட்டு வண்டி. இந்த ஆன்லைன் விவகாரமெல்லாம் அவருக்கு ஒத்து வராது. "நீதான் எழுதுறவன், நீயே எழுதிப் போட்ரு மாப்ளே" என்று சொல்லிவிட்டார்.

நாலு வரியில் முடித்திருக்கலாம். ஆனால் நாலு வரி விளம்பரத்துக்கு யார் வருவார்கள் என்று தெரியும். கல்யாண வாடகைக்கு வண்டி தேடுகிறவர்கள் வருவார்கள், வந்த உடனே "வெள்ளை அடிச்சிரலாம்ணே" என்பார்கள். அப்புறம் டீசல் எஞ்சின் இறக்கலாமா, ஏசி போடலாமா, கூரையை அறுத்து ஓப்பனாக்கலாமா என்று கேட்கிற கூட்டம். அவர்கள் ஆசை அவர்களுக்கு, தப்புச் சொல்லவில்லை. ஆனால் அதற்கு இந்த வண்டி வேண்டாம் என்பது மாமாவின் எண்ணம், என் எண்ணமும் அதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படிக்கிறவர் மட்டும் வந்தால் போதும்.

முதலில் வண்டியைப் பற்றி. ஏ40 டெவன் என்பது இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கம் லாங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் ஆஸ்டின் கம்பெனி 1947 முதல் 1952 வரை செய்த கார். போர் முடிந்த கையோடு பிரிட்டனுக்கு அன்னியச் செலாவணி தேவைப்பட்டது, ஏற்றுமதி செய்கிற கம்பெனிக்குத்தான் அரசாங்கம் இரும்பு ஒதுக்கியது, அதனால் அந்த ஊர்க்காரர்கள் புது வண்டிக்குக் காத்துக் கிடக்க, டெவன் கப்பல் ஏறி உலகமெல்லாம் போனது. நம் பக்கம் வந்த கதைதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1948ல் ரகுநந்தன் சரண் என்பவர் சென்னையில் அசோக் மோட்டார்ஸ் என்று ஒரு கம்பெனி தொடங்கினார், அசோக் என்பது அவர் மகன் பெயர். எண்ணூரில் ஷெட் போட்டு, உதிரியாக வந்த ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி விற்றார்கள். அதே கம்பெனிதான் இங்கிலாந்து லாரிக் கம்பெனியான லேலண்டோடு சேர்ந்து 1955ல் அசோக் லேலண்ட் ஆனது. இன்று மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் நிற்கிற எத்தனையோ பஸ்ஸுக்கு அப்பன் வீடு இந்தச் சின்னக் காரைப் பூட்டிய அந்த எண்ணூர் ஷெட்தான்.

பிறகு ஏன் இந்த வண்டி நம் ஊரில் காணாமல் போனது என்றால், 1953ல் டாரிஃப் கமிஷன் சொன்னதைத் தொடர்ந்து, பாகங்களை இங்கேயே தயாரிக்கிற திட்டம் இருக்கிற கம்பெனிகள்தான் நடத்தலாம், வெறுமனே பூட்டி விற்கிறவர்கள் கடையைக் கட்டலாம் என்று அரசாங்கம் முடிவு செய்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிப் போனது அப்போதுதான். அசோக் மோட்டார்ஸ் லாரிப் பக்கம் போய்விட்டது. வண்டலூரில் ஸ்டாண்டர்ட், கல்கத்தாவில் ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர் என்று மிச்சம் நின்றது. ஸ்டாண்டர்டுக்கும் அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் சாமான் கிடைத்துக்கொண்டே இருந்ததால் அவை ஓடின. ஆஸ்டின்காரர்கள் சாமான் கிடைக்காமல் ஒவ்வொன்றாக எடைக்குப் போட்டார்கள். தமிழ்நாட்டில் ஒரு டெவனைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம் என்றால் காரணம் அதுதான்.

இந்த வண்டி எப்படித் தப்பியது? மாமாவின் அப்பா மேலூரில் எல்.எம்.பி. டாக்டராக இருந்தவர். வெள்ளலூர், கொட்டாம்பட்டி, சிங்கம்புணரி, அந்தப் பக்கம் நத்தம் என்று வீட்டுக்கே போய் வைத்தியம் பார்த்தவர். பெரியாறு கால்வாய் கரை வழியெல்லாம் இந்த வண்டி போயிருக்கிறது. மனுஷர் கணக்கில் கறார். நீளமான கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது, வண்டிக்குப் போட்ட பெட்ரோல், மாற்றிய ஆயில், டயர், பிளக், கொல்லனுக்குக் கொடுத்த கூலி வரை அதில் எழுதியிருக்கிறார். பெட்ரோல் கேலனில் ஆரம்பித்து லிட்டரில் முடிகிறது, காசு அணாவில் ஆரம்பித்து 1957க்கு அப்புறம் நயா பைசாவுக்கு மாறுகிறது. வண்டியோடு அந்த நோட்டும் சேர்ந்துதான் வரும், தனியாகத் தர மாட்டோம். என்னைக் கேட்டால் வண்டியின் விலையில் கால்வாசி அந்த நோட்டுக்குத்தான். ஒரு பழைய காரை வாங்குகிறவனுக்கு அதன் உடம்பில் எப்போது எது கழற்றப்பட்டது என்று எழுத்தில் கிடைப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

டாக்டர் பிற்பாடு அம்பாசடர் வாங்கிய பிறகும் இதை விற்கவில்லை. ஓட்டுக் கொட்டகையில் நாலு சக்கரத்தையும் தரையில் படாமல் கல் வைத்துத் தூக்கி நிறுத்தி, பிளக்கைக் கழற்றி சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, அவ்வப்போது ஹேண்டில் போட்டு எஞ்சினைக் கையால் சுற்றி வைத்திருக்கிறார். அந்த ஒரு காரியத்தால்தான் பிஸ்டன் பிடிக்காமல் இருந்தது. மாமா ரிட்டயர் ஆன பிறகு மறுபடி ஓட்டத்துக்குக் கொண்டு வந்தார். கடல் காற்று இல்லாத ஊர் என்பதும் பெரிய உதவி. இதே வண்டி சென்னையிலோ தூத்துக்குடியிலோ நின்றிருந்தால் தகரம் பொரிந்து போயிருக்கும்.

சரி, நிலவரத்துக்கு வருவோம்.

பெயின்ட் பெரும்பாலும் ஆதியில் அடித்ததுதான். ஒரு மங்கலான பச்சை. பானெட்டின் மேலே துடைத்துத் துடைத்துத் தேய்ந்து சில இடங்களில் அடி பிரைமர் தெரிகிறது. முன் இடது மட்கார்டின் அடியில் மட்டும் டிங்கரிங் நடந்திருக்கிறது, அதுவும் நோட்டில் இருக்கிறது, மாட்டு வண்டி அச்சு உரசியதாம். மற்ற இடமெல்லாம் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பார்த்துவிட்டேன், கப்பென்று ஒட்டுகிறது, பட்டி பூசிய இடம் இல்லை. நீங்களும் காந்தம் கொண்டு வாருங்கள், மாமா கோபித்துக்கொள்ள மாட்டார். பானெட் முனையில் பறக்கிற ஏ பொம்மை அப்படியே இருக்கிறது, நிக்கல் கொஞ்சம் போயிருக்கிறது. பின் கதவு ஒன்று கொஞ்சம் தூக்கிச் சாத்த வேண்டும்.

தரை ஓட்டை இல்லை. டிக்கியின் ஸ்டெப்னி தட்டில் மேலோட்டமாகத் துரு இருக்கிறது. இந்த வண்டிக்குத் தனிச் சேசிஸ் உண்டு, அதன் மேல்தான் பாடி உட்கார்ந்திருக்கிறது. அடியில் படுத்துப் பார்த்தேன், சேசிஸ் சுத்தம்.

உள்ளே சீட் தோல் வெடித்திருக்கிறது. டிரைவர் சீட்டில் ஒரு தையல் பிரிந்திருக்கிறது. மேல் கூரைத் துணி பழுப்பேறி இருக்கிறது, எலி ஒரு மூலையைப் பதம் பார்த்திருக்கிறது. இதையெல்லாம் மாற்றலாம்தான், ஆனால் ஏன் மாற்ற வேண்டும்? புது ரெக்சின் எந்தக் கடையிலும் கிடைக்கும். டாக்டர் உட்கார்ந்து தேய்ந்த தோல் எங்கே கிடைக்கும்? பழைய காரைப் பளபளவென்று ஆக்குவதில் நம் ஆட்களுக்கு ஒரு மோகம் இருக்கிறது. கண்ணாடி மாதிரி பெயின்ட், இல்லாத குரோம், சிவப்பு ரெக்சின், மர ஸ்டீரிங். செலவு செய்து செய்து கடைசியில் எந்த வண்டி என்றே அடையாளம் தெரியாமல் போகிறது. நன்றாக ரெஸ்டோர் செய்த வண்டிகளுக்கு நான் எதிரி இல்லை, துருப்பிடித்துச் சாகக் கிடந்த வண்டியைப் பிழைக்க வைப்பது பெரிய வேலை. ஆனால் இது சாகக் கிடக்கவில்லையே. ஒரு தடவை உரித்துப் போட்டால் 1950ல் அடித்த பெயின்டைத் திரும்ப யாராலும் அடிக்க முடியாது.

எஞ்சின் 1200 சிசி, நாலு சிலிண்டர், ஓவர்ஹெட் வால்வ், 40 குதிரைத்திறன். ஜெனித் கார்புரேட்டர். புதிதாக இருந்தபோது மணிக்கு 110 கிலோமீட்டரைத் தொட்டிருக்கும், இப்போது யாரும் அதைச் சோதிக்க வேண்டாம். அம்பாசடர் பார்த்த மெக்கானிக் யாரும் இந்த பானெட்டைத் திறந்தால் திகைக்க மாட்டார். ஏனென்றால் 1952ல் ஆஸ்டினும் மோரிஸும் சேர்ந்து பிஎம்சி என்ற ஒரே கம்பெனி ஆன பிறகு வந்த பி சீரிஸ் எஞ்சின் இந்த ஏ40 எஞ்சினின் வழியில் வந்ததுதான், அந்த பி சீரிஸ்தான் 1489 சிசியாக நம் அம்பாசடரில் வருஷக்கணக்காக ஓடியது. அம்பாசடர் உடம்பு மோரிஸ், எஞ்சின் ஆஸ்டின் வழி. மேலூரில் இந்த வண்டியைப் பார்க்கிற பாய் முதல் நாள் டேப்பட் கவரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "அட, நம்ம பயதான்" என்றார். அதற்காக அம்பாசடர் சாமான் அப்படியே உட்காரும் என்று நினைத்துவிடாதீர்கள், உட்காராது.

நோட்டின்படி எஞ்சின் ஒரே ஒரு முறை போரிங் ஆகியிருக்கிறது, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரி செய்திருக்கிறார்கள். ஆயில் கொஞ்சம் ஒழுகும், பின்பக்கம் கிளட்ச் ஹவுசிங் கிட்ட. கீழே ஒரு தட்டு வைத்துவிடுவோம். புகை இல்லை. சூடு ஏறுவதும் இல்லை, ரேடியேட்டரை இறக்கிக் கழுவியாகிவிட்டது. கியர் தரையில், நாலு கியர், முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் (பல்சக்கரங்களின் வேகத்தைச் சமன் செய்து கியரைச் சத்தமில்லாமல் விழ வைக்கிற அமைப்பு) கிடையாது, வண்டி நின்ற பிறகுதான் போட வேண்டும், ஓட்டத்தில் போட்டால் கத்தும். இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு அவசரப்படாமல் மாற்றினால் வெண்ணெய்யாக விழும்.

பிரேக்கைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முன்னால் ஹைட்ராலிக், அதாவது எண்ணெய் அழுத்தத்தில் பிடிப்பது, பின்னால் கம்பி இழுத்துப் பிடிக்கிற ராடு பிரேக். டெவன் எல்லாமே அப்படித்தான், அடுத்து வந்த சோமர்செட்டில்தான் நாலு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் வந்தது. சரியாகச் செட் செய்தால் நன்றாகவே பிடிக்கும், ஆனால் இன்றைய கார் மாதிரி மிதித்த இடத்தில் நிற்காது. முன் வீல் சிலிண்டர் ரப்பர் எல்லாம் புதிது. நாலு வழிச்சாலையில் திருச்சி லாரிகளுக்கு முன்னால் இதை ஓட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மேலூரிலிருந்து அழகர்கோவில் போகிற ரோடு இதற்கு அளந்து வைத்த மாதிரி இருக்கும். போன முறை அழகர்கோவிலில் நிறுத்தியபோது குரங்கு ஒன்று பானெட்டில் ஏறி வைப்பரை இழுத்துப் பார்த்தது, வைப்பர்தான் ஜெயித்தது.

எலெக்ட்ரிகல் வேலை தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைக் கவனமாகப் படியுங்கள். இது 12 வோல்ட், ஆனால் பாசிட்டிவ் எர்த். பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியில். புது எலெக்ட்ரீஷியன் பழக்கதோஷத்தில் மைனஸைப் பாடியில் மாட்டினால் டைனமோவும் கட்-அவுட்டும் (பேட்டரிக்குப் போகிற சார்ஜைக் கட்டுப்படுத்துகிற பெட்டி) போய்விடும். பேட்டரிப் பெட்டி மூடியில் மாமா தமிழில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார். வயரிங் பெரும்பகுதி பழைய துணி சுற்றியதுதான், எலி கடித்த இடங்களில் மட்டும் புது வயர். திரும்பும்போது நடுத் தூணிலிருந்து சின்னக் கை ஒன்று வெளியே நீளும், இன்டிகேட்டர் அதுதான். இரண்டுமே வேலை செய்கின்றன. ஆனால் பின்னால் பைக்கில் வருகிறவனுக்கு அது என்னவென்றே தெரியாது, வேடிக்கை பார்த்துக்கொண்டே மோதுகிற மாதிரி வருகிறான். கண்ணாடியை இறக்கிக் கையையும் காட்டுங்கள்.

பெட்ரோல் விஷயம் எல்லோரும் கேட்பது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வண்டியின் ரப்பரும் கார்க்கும் அதற்காகச் செய்ததில்லை. பெட்ரோல் பம்ப் டயாஃப்ரத்தையும் ஹோஸையும் எத்தனால் தாங்குகிற ரகமாக மாற்றியாகிவிட்டது. எத்தனால் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், டாங்கில் மாதக்கணக்கில் கிடந்தால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கி தகரத்தைத் தின்னும். அதனால் டாங்கை நிரப்பி நிறுத்தி வைக்கிற பழைய யோசனை இதற்குச் சரிவராது. கொஞ்சமாகப் போட்டு அடிக்கடி ஓட்டுங்கள். ஓட்டாமல் வைக்கப் போகிறீர்கள் என்றால் டாங்கை வடித்துவிட்டு வையுங்கள். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் போல அந்தக் காலத்தில் கொடுத்திருக்கிறது, இப்போது மாமா கணக்கு வைக்கவில்லை, அப்பா அளவுக்குப் பிள்ளை கறார் இல்லை.

சாமான்? இங்கிலாந்தில் ஆஸ்டின் கவுண்டீஸ் கார் கிளப் என்று இந்த வரிசை வண்டிகளுக்கென்றே ஒரு கிளப் இருக்கிறது. ரப்பர், கேஸ்கெட், பிரேக் சாமான் அந்தப் பக்கம் கிடைக்கிறது, கப்பல் கூலியும் கஸ்டம்ஸும் சேர்ந்து வலிக்கும். மற்றதை நம் லேத் பட்டறைகளிலேயே பழசை மாதிரியாகக் கொடுத்துச் செய்துகொள்ளலாம், புஷ், பின் எல்லாம் அப்படித்தான் செய்தோம். மில்லிமீட்டர் ஸ்பானர் உட்காராது, அங்குல ஸ்பானர் செட் ஒன்று வண்டியோடு தருகிறோம். டயர் 16 அங்குல ஒல்லி டயர். இப்போது போட்டிருப்பதில் கட்டை, அதாவது தேயாத ரப்பர், நிறைய இருக்கிறது, ஆனால் வயசாகிவிட்டது, மாற்றுகிற செலவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பேப்பர். பழைய வண்டி வாங்குகிறவர்கள் பெயின்டைப் பார்க்கிற அளவுக்கு இதைப் பார்ப்பதில்லை, பிறகு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நின்று தலையைச் சொறிகிறார்கள். ஆர்.சி. டாக்டர் பெயரில் இருக்கிறது. அவர் காலமாகிவிட்டார், அதனால் நேராக உங்கள் பெயருக்கு மாற்ற முடியாது. முதலில் வாரிசு சான்றிதழும், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும் வைத்து, படிவம் 31ல் மாமா பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்கு அப்புறம் படிவம் 29, 30 போட்டு உங்கள் பெயருக்கு. முதல் பாதி நடந்துகொண்டிருக்கிறது. விற்பதற்கே காரணம் பாகப்பிரிவினைதான், வீடும் கொட்டகையும் பங்கு பிரிகிறது, காரை நாலாகப் பிரிக்க முடியாதே. அக்கா தங்கை எல்லோரும் கையெழுத்துப் போடச் சம்மதித்துவிட்டார்கள், அதில் வில்லங்கம் எதுவும் இல்லை. மாமா பெயருக்கு ஆர்.சி. வந்த பிறகுதான் முழுப் பணம் வாங்குவார், அதற்கு முன்னால் ஒரு சின்ன அட்வான்ஸ் மட்டும்.

"15 வருஷம் ஆன வண்டியை உடைச்சிருவாங்களாமே?" என்று டீக்கடையில் ஆரம்பித்து எல்லோரும் கேட்கிறார்கள். அரசாங்க வண்டிகளுக்குத்தான் அந்த வயசுக் கணக்கு, டெல்லிப் பக்கம் தனி உத்தரவு. நம் ஊரில் தனியார் கார் சோதனையில் தேறினால் ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். அது போக, 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2021ல் மத்திய அரசு வின்டேஜ் விதிகள் என்று தனியாகக் கொண்டு வந்தது. புதிதாகப் பதிகிற வண்டிக்கு நம்பரில் விஏ என்ற எழுத்து வரும், கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே நம்பர் இருக்கிற வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வகையில் பதிந்தால் தினசரி ஓட்டக்கூடாது, வாடகைக்கு விடக்கூடாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க என்று அதற்குத்தான் ரோட்டில் இறக்கலாம். இன்னொன்று, வண்டி ஆதி வடிவத்தில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. டீசல் எஞ்சின் கேட்கிற அண்ணன்மார் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும்.

விலை 9 லட்சம் கேட்கிறார். ஒரு புரோக்கர் வந்து வண்டியைச் சுற்றிக்கூட வராமல் நாலு லட்சம் என்றார், மாமா காபி கொடுத்து அனுப்பிவிட்டார். கல்யாண வாடகைக்காரர் ஒருவர் கேட்ட விலையை அப்படியே தருகிறேன் என்றார், கூடவே வெள்ளை பெயின்டையும் பற்றிப் பேசினார், அதுவும் நடக்கவில்லை. 9 கொஞ்சம் கூடுதல் என்பது என் சொந்தக் கருத்து, மாமாவிடம் சொல்லியும் விட்டேன். டயர், கூரைத் துணி, ஆயில் ஒழுகலைக் காட்டி ஒழுங்காகப் பேசினால் இறங்கி வருவார். ஆனால் "சும்மா கிடக்கிற பழைய இரும்புதானே" என்று ஆரம்பிக்காதீர்கள், அதற்கப்புறம் அவர் பேசவே மாட்டார்.

வாங்குகிறவர் வண்டியை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ள முடியாதுதான். விற்ற பிறகு அது உங்கள் சொத்து. ஆனாலும் எங்கே நிறுத்துவீர்கள், யார் வேலை பார்ப்பார்கள் என்று மாமா கேட்பார். பெண் பார்க்க வந்த வீட்டில் விசாரிக்கிற தோரணையில்தான் கேட்பார், முகம் சுளிக்க வேண்டாம்.

பார்க்க வருகிறவர்கள் ஒரு நாள் முன்கூட்டிச் சொல்லிவிட்டுக் காலையில் வாருங்கள். எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதுதான் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும், சூடான எஞ்சின் எல்லாக் குறையையும் மறைத்துவிடும். சோக்கை இழுத்து, செல்ஃப் குமிழை இழுத்தால் இரண்டாவது சுற்றில் பிடிக்கும். பிடிக்கவில்லை என்றால் ஹேண்டில் டிக்கியில் இருக்கிறது, கட்டை விரலை மடக்கிப் பிடிக்காமல் மற்ற விரல்களோடு சேர்த்து வைத்துச் சுற்றுங்கள், உதைத்தால் கை போய்விடும்.